இரண்டாயிரம் மணி நேரம்

ஜூன் 14, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணிக்கு, லாரி நிறுத்தத்தின் பின்சந்தில் உள்ள மூன்றாவது பட்டறைக்குள் ஒரு நீல நிற பெட்ரோல் வேன் பின்பக்கமாக நுழைந்து நின்றது. வண்டிக்கு இருபத்து நான்கு வயது. இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஓட்டி வந்தவன் இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான். மீட்டர் போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

ஓட்டி வந்தவன் பட்டறைக்காரரின் மனைவிக்குத் தம்பி. பட்டறைக்காரரை அந்தச் சந்தில் எல்லோரும் ஒயரிங்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டிகளின் மின்சார வேலை மட்டும் பார்ப்பவர், இன்ஜினைப் பிரிப்பதில்லை. மச்சினன் போன வாரம்தான் இந்த வேனை வாங்கியிருந்தான். திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப்போகிறான். பதினோரு பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி ஒயரிங்காரரின் ஒன்பது வயது மகள்.

"கண்ணடிக்குது மாமா," என்றான் மச்சினன்.

"எது?"

"இன்ஜின் லைட்டு. சாவி போட்டா எரியுது, ஸ்டார்ட் ஆனதும் அணையுது. அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா கொஞ்ச தூரம் போனதும் மெதுவா ஒரு தடவை. அப்புறம் விட்டு இன்னொரு தடவை. நேத்து சாயங்காலம் ஆரம்பிச்சுது."

"முப்பத்தி ரெண்டு வயசுல உன்னைப் பாத்து கண்ணடிக்க ஒண்ணு கிடைச்சிருக்கு. அதையும் ரிப்பேர் பண்ணச் சொல்றியே மாப்ள."

பேட்டரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே சிரித்தாள். சனிக்கிழமைகளில் அவள் பட்டறைக்கு வந்துவிடுவாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மதிய ஷிப்ட். அம்மா அங்கே நர்ஸ். யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் உடனே திருத்துகிற பழக்கத்தால் அவளுக்கு வீட்டில் டீச்சர் என்று பெயர்.

இந்த வயது வண்டிகளில் ஸ்கேனர் சொருகும் இடம் கிடையாது. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் இரண்டு துளைகளை விரல் நீள ஒயரால் இணைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால், இன்ஜின் கம்ப்யூட்டர் தன் குறையை அந்த மஞ்சள் விளக்கின் வழியாகச் சொல்லும். ஒருமுறை எரிந்து, சற்று நின்று, மூன்று முறை எரிந்தால் பதின்மூன்று. பதின்மூன்று என்றால் என்ன என்பது சுவரில் மாட்டியிருக்கும் அட்டையில் இருக்கிறது. ஒருவர் எண்ண, இன்னொருவர் எழுத வேண்டும். எண்ணுகிறவனே எழுதினால் தலை குனிகிற நேரத்தில் ஒன்று தப்பிப்போகும். மூன்று முறை ஒரே எண் வந்தால்தான் நம்பலாம்.

"விளக்கு பொய் சொல்லாது, எண்ணுறவன்தான் பொய் சொல்லுவான்," என்று அவர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வது வழக்கம். அன்றும் சொன்னார். "நூறாவது தடவை," என்று மகள் நோட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டாள்.

ஒயரைச் சொருகினார். சாவியைத் திருப்பினார்.

"மூணு," என்றார். விளக்கு நின்றது. "ரெண்டு. எழுதிக்கோ, முப்பத்தி ரெண்டு."

அடுத்த முறை இருபத்து நான்கு வந்தது. அதற்கடுத்து ஐம்பத்தொன்று. அட்டையில் ஐம்பத்தொன்று இல்லை, முப்பத்திரண்டும் இல்லை. நான்காம் முறை எண்ணத் தொடங்கியபோது எங்கே ஒரு எண் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. சில வேளைகளில் இரண்டு ஒளி ஒன்றின் மேல் ஒன்று ஏறி, முதலாவது அணைவதற்குள் அடுத்தது எழுந்தது. அது பளிச்சென்று எரிந்து பளிச்சென்று அணையவுமில்லை. கம்ப்யூட்டரின் விளக்கு சுவிட்சைத் தட்டினதுபோல எரியும். இது மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது.

"பல்பு லூஸா இருக்கும்," என்றார்.

மீட்டரைக் கழற்றாமல், டேஷ்போர்டின் அடிவழியாகக் கையை விட்டுத் தடவியே பல்பை எடுக்க அவரால் முடியும். இருபது வருடத்துக் கை. முழங்கை வரை உள்ளே போனபோது விரல் நுனியில் டேப் சுற்றிய ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. ஏதோ பழைய வேலை. விரல் அதைத் தாண்டிப் போய், பல்பைத் திருகி எடுத்தது. காய்ந்த பட்டாணி அளவில் இருந்தது, கண்ணாடி உள்ளே கறுத்திருந்தது. புதிய பல்பின் பாக்கெட்டைக் கிழித்து மகளிடம் கொடுத்தார். கையில் எது கிடைத்தாலும் படித்தாக வேண்டும் அவளுக்கு.

"பன்னெண்டு வோல்ட். ஆயுள் ரெண்டாயிரம் மணி நேரம்." உதடு அசைந்தது. "எண்பத்தி மூணு நாள், எட்டு மணி நேரம்."

"தொடர்ந்து எரிஞ்சாத்தானே," என்றான் மச்சினன். "இது மாதிரி விட்டு விட்டு எரிஞ்சா?"

"பாதி நேரம் அணைஞ்சிருக்கும்ல மாமா. அப்ப டபுள். நூத்தி அறுபத்தி ஆறு நாள், பதினாறு மணி நேரம்."

"அந்தப் பதினாறு மணி நேரத்தை எனக்குக் குடு. தூங்கிக்கிறேன்."

புதிய பல்பும் அப்படியே எரிந்தது. மெல்ல ஏறி, மெல்ல இறங்கி.

மூன்றரைக்கு மழை பிடித்தது. தகரக் கூரையில் முதலில் ஒவ்வொன்றாக விழுந்த துளிகள் சிறிது நேரத்தில் ஒரே சத்தமாக இறுகி, பக்கத்துப் பட்டறையின் சுத்தியல் ஒலியையும் தெருவின் ஹாரன்களையும் விழுங்கிவிட்டன. வாசல் வழியாகச் சாரல் அடித்து டூல் பெட்டி நனைந்தது. ஸ்டிக்கர் கடை ஐந்து மணிக்கு மூடிவிடும், பள்ளி வாகனம் என்று எழுதிய பட்டைகளை வாங்கி வர வேண்டும் என்று மச்சினன் ஒயரிங்காரரின் ஸ்கூட்டரை எடுத்தான். போகும்போது அவனே ஷட்டரை இறக்கினான். தரைக்கும் ஷட்டருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி நின்றது. அதன் வழியே சாம்பல் நிற வெளிச்சமும் மழைநீரின் ஓரமும் உள்ளே வந்தன.

பதின்மூன்று என்றால் புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார்; அதில் கோளாறு இருந்தால் இன்ஜின் சூடான பிறகுதான் தெரியும். ஸ்டார்ட் செய்து விட்டுவைக்க வேண்டும். ஒயரிங்காரர் கவனக்காரர். சைலன்சர் வாயில் ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைப் பின்சுவரின் துளை வழியே வெளியே விட்டார். குழாயைத் தொட்டுப் பார்த்தார். சூடான காற்று போய்க்கொண்டிருந்தது. பட்டறையில் புகை நாற்றம் இல்லை.

பேட்டரிப் பெட்டி நனைந்துவிட்டதால் மகள் நோட்டோடு வேனின் நடு சீட்டில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

"அப்பா, யாரோ கண்ணாடியில கை வச்சிருக்காங்க."

"துடைச்சு விடு."

"துடைச்சேன். ஆவி படிஞ்சா திரும்ப வருது." கொஞ்ச நேரம் கழித்து, "என் கையவிடச் சின்னது," என்றாள்.

அவர் முன்சீட்டில் உட்கார்ந்து மீட்டரின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். இன்ஜின் சீராக ஓடியது. சீட் லேசாக அதிர்ந்தது. மழையும் இன்ஜினும் சேர்ந்து, பெரிய பாத்திரத்தில் ஏதோ கொதிப்பதுபோல் ஒரே இரைச்சலாக இருந்தன. அதற்குள்ளே, எங்கோ பின்னால், சீட் ஸ்பிரிங் ஒன்று முனகியது. மகள் கால் நீட்டுகிறாள் என்று நினைத்தார். பழைய ரெக்ஸினும் ஈரத் துணியும் கலந்த வாசனை வந்தது. இன்ஜின் ஓடும்போது அணைந்திருக்க வேண்டிய விளக்கு அவர் முகத்துக்கு நேரே ஏறியது, இறங்கியது, ஏறியது.

நாலாவது திருகாணி வந்ததும் மீட்டரை ஒயர்களோடு முன்னால் இழுத்தார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பின்பக்கம் பார்த்தார்.

பச்சை டேப்.

ஒவ்வொரு ஒயரிங்காரனுக்கும் ஒரு வழக்கம் உண்டு. சிலர் முடிச்சை இடப்பக்கம் முறுக்குவார்கள். சிலர் நுனியில் மெழுகு தடவுவார்கள். வேலை திரும்பி வந்தால் தன் கை எது, பிறத்தியார் கை எது என்று தெரிய வேண்டும். அந்தச் சந்தில் எல்லோரும் கறுப்பு டேப் சுற்ற, இவர் மட்டும் பச்சை சுற்றுவார். கடைசிச் சுற்றை மடித்து ஒரு சின்னக் காது விடுவார், பிரிக்க வசதியாக. இதிலும் காது இருந்தது.

டேப்பைப் பிரிக்கத் தேவையிருக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒயர் வெட்டப்பட்டு, தனியாக மடக்கிக் கட்டப்பட்டிருந்தது. மஞ்சள் விளக்கின் ஒயர் ஆயில் விளக்கின் ஒயரோடு சேர்க்கப்பட்டிருந்தது. அப்படிச் செய்தால் சாவி போட்டதும் இரண்டும் சேர்ந்து எரியும், இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் இரண்டும் சேர்ந்து அணையும். வண்டியைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். இன்ஜினில் என்ன கோளாறு இருந்தாலும் அந்த விளக்கு அதன் பிறகு அதைச் சொல்லாது. சொல்லவே முடியாது.

எட்டு வருடம் முன்பு ஒருநாள் மூன்று மணி. வெள்ளை வேன். நாலரைக்கு இன்ஸ்பெக்ஷன் நேரம் முடிகிறது, விளக்கு எரிகிறது, ஏதாவது செய்யுங்கள் என்று உயரமான ஒருவர் வந்து நின்றார். விளக்கு சொல்லும் எண்ணைப் பார்க்க நேரமில்லை. இன்ஜின் சூடாக வேண்டும், எண்ண வேண்டும், பிறகு சென்சாரோ குழாயோ மாற்ற வேண்டும். "இன்னிக்கு இத முடிச்சுக்கலாம், அடுத்த வாரம் கொண்டாங்க, முழுசாப் பாத்துடறேன்," என்றார் இவர். பத்து நிமிட வேலை. வேனுக்குள் அவர் மனைவியும் மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பிள்ளை கண்ணாடியில் கையை அப்பி வைத்துக்கொண்டு இவர் டேப் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் செய்தித்தாளில் ஒரு படம். மழை இரவில் சாலையோரம் ஒதுங்கி, ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கிய ஒரு குடும்பம். ஐந்து பேர். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. வெள்ளை வேன். நம்பர் பிளேட்டை மறைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். வெள்ளை வேன் ஊருக்கு நூறு இருக்கும் என்று பேப்பரை மடித்து, கிரீஸ் துடைக்கிற பேப்பர்களோடு வைத்தார். அந்தப் பேப்பரில் எப்போது கிரீஸ் துடைத்தார் என்று அவருக்கு ஞாபகமில்லை.

கதவின் உள்விளிம்பை நகத்தால் சுரண்டினார். நீலப் பெயின்ட் உரிந்தது.

அடியில் வெள்ளை.

விளக்கு ஏறியது. இறங்கியது. அதற்கு ஒயர் வழியாக ஒன்றும் வரவில்லை. ஆயில் விளக்கு அணைந்தே இருந்தது. சாவியை மட்டும் போட்டபோதே இது ஏறி இறங்காமல் ஒரே சீராக எரிந்திருக்க வேண்டும். ஒரே ஒயரில் இருக்கும் இரண்டு விளக்குகளில் ஒன்று எரிய, ஒன்று எரியாமல் இருக்க முடியாது.

அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தலை வலித்தது. நெற்றியை யாரோ மெதுவாக ஸ்பானர் போட்டு இறுக்குவதுபோல. மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். மனைவி நினைவு வந்ததும் போன மாதம் மகளுக்குக் காய்ச்சல் கண்ட இரவு நினைவுக்கு வந்தது. மனைவி கட்டிலோரம் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, மகளின் மார்பு ஏறி இறங்குவதை எண்ணினாள். "இருபத்தி ரெண்டு. பரவாயில்ல," என்றாள். "பெரியவங்களுக்குப் பதினாறு. பிள்ளைங்களுக்கு இருபதுக்கு மேல. தூங்கறப்ப எண்ணணும். முழிச்சிருக்கறப்ப எண்ணினா மூச்சும் பொய் சொல்லும்."

விளக்கு ஏறியது. இறங்கியது.

எண் அல்ல.

எண் என்று நினைத்து எண்ணியதால்தான் கணக்கு வரவில்லை. இப்போது எண்ணாமல் பார்த்தார். ஒரே விளக்குக்குள் பல இருந்தன. மெதுவான ஒன்று, நிமிடத்துக்குப் பதினாறு. அதற்குச் சற்று வேகமாக ஒன்று. அவற்றின் நடுவே மூன்று சின்னவை, வேகமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு. ஐந்தும் தூங்கிக்கொண்டிருந்தன.

கண்ணாடியைப் பார்த்து மகளைக் கூப்பிடலாம் என்று நினைத்தார். நடுக்கண்ணாடியில் பின்பக்கம் தெரிந்தது. ஜன்னல்கள் வெளுத்திருந்தன. ஆவி ஜன்னல் முழுக்கப் படியவில்லை. ஐந்து இடங்களில் வட்டமாகப் படிந்திருந்தது. ஒவ்வொரு வட்டமும் கொஞ்சம் விரிந்தது, கொஞ்சம் சுருங்கியது. நடு சீட்டின் பக்கம் ஒன்று. அதன் கீழே ஒரு சின்னக் கை.

திரும்பிப் பார்க்க வேண்டும். கழுத்து திரும்பவில்லை. களைப்பாக இருந்தது. காலையிலிருந்து வேலை. மழை. இன்ஜினின் தாலாட்டு. இப்படியே கொஞ்சம் கண்ணை மூடினால் போதும்.

சின்னவற்றில் ஒன்று நின்றது.

அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஐந்தாக இருந்தது நான்காயிற்று. விளக்கில் ஓர் இடம் காலியானது.

கடைசிப் பிள்ளை, என்று நினைத்தார்.

பிறகு மெதுவானது. உயரமானவர். அது ஒருமுறை நீளமாக ஏறி, இறங்கவே நேரம் எடுத்துக்கொண்டு, திரும்ப ஏறவில்லை. கண்ணாடியில் ஒரு வட்டம் சுருங்கிச் சுருங்கி மறைந்தது.

மூன்று.

அவருடைய கை மீட்டரின் மேல் கிடந்தது. தன் கை என்று தோன்றவில்லை. உதடு காய்ந்திருந்தது. பின்னால் ஸ்பிரிங் முனகியது. யாரோ யார் மேலோ சாய்ந்துகொள்ளும் சத்தம்.

இரண்டு.

மழை.

ஒன்று. அந்த ஒன்று வெகுநேரம் இருந்தது. அம்மாவா, மூத்த பிள்ளையா. தெரியவில்லை. நின்றது.

அவ்வளவுதான், என்று நினைத்தார். ஐந்தும் முடிந்தது. இனி விளக்கு அணைந்துவிடும்.

விளக்கு அணையவில்லை.

ஏறியது. இறங்கியது. சின்னது. வேகமானது. இருபத்திரண்டு.

ஆறாவது.

ஏறியது. இறங்கியது. இடைவெளி. ஏறியது. இடைவெளி கொஞ்சம் நீண்டது. பதினெட்டு. ஏறியது. பதினான்கு.

டீச்சர்.

கதவைத் திறந்தது ஞாபகமில்லை. விழுந்தது ஞாபகம் இருக்கிறது. சிமென்ட் தரையில் முழங்கை. எழுந்திருக்க முடியவில்லை. தவழ்ந்தார். பக்கக் கதவின் கைப்பிடி கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. எட்டியது. சறுக்குக் கதவு திறந்தது. மகள் நடு சீட்டில் ஒருக்களித்துக் கிடந்தாள். நோட்டு தரையில். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். கனமாக இருந்தாள். கனமில்லாமல் இருந்தாள். ஷட்டரின் நான்கு விரல் இடைவெளிக்கு அவள் முகத்தைக் கொண்டுவந்து மழைநீரில் வைத்தார். ஷட்டரை உள்ளிருந்து கையால் அறைந்தார். யாரோ தூக்கினார்கள்.

"மாமா," என்றான் மச்சினன். கையில் மஞ்சள் பட்டைகள் நனைந்திருந்தன. "மாமா, என்ன பண்ணிட்டீங்க."

ஆஸ்பத்திரியில் அவளை முதலில் வாங்கிக்கொண்டது அவளுடைய அம்மாதான். அழவில்லை. ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைத் திருப்பி, மார்பைப் பார்த்தாள். எட்டு, என்றாள். பிறகு பன்னிரண்டு. விடியற்காலையில் இருபத்திரண்டு. அதன் பிறகே கணவரிடம் வந்தாள்.

"எவ்வளவு நேரம் இன்ஜின் ஓடிச்சு?"

"முக்கால் மணி நேரம் இருக்கும். பின்னால குழாய் மாட்டியிருந்தேன். சத்தியமா மாட்டியிருந்தேன்."

"மாட்டியும்?"

"குழாய்க்கு முன்னாலயே ஓட்டை இருந்திருக்கும்."

அவள் அவரையே பார்த்தாள். "எப்படி எழுந்த?"

"லைட்டைப் பாத்தேன்," என்றார். 

அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் இரண்டு பேருமே இல்லை. அதைச் சுவாசித்தால் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காதில் கேட்கும், அது எல்லோருக்கும் நேர்வதுதான் என்றார். ஒயரிங்காரர் தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை மச்சினனும் அவரும் வேனை ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தார்கள். நடு சீட்டுக்கு நேர் கீழே சைலன்சர் குழாயில் ஒரு சாண் விரிசல். அதன் மேலே தரையில் ரப்பர் மூடி இல்லாத ஒரு துளை. விரிசலில் பழைய துரு, புதுத் துரு, இரண்டும் இருந்தன. விளக்கு எண்ணைச் சொல்லியிருந்தால் பதின்மூன்று வந்திருக்கும். அட்டையில் முதல் வரிசையில் இருக்கிற எண்.

"பழைய ஓனர் எவனோ லைட்ட மாத்திக் கட்டி வித்திருக்கான் மாமா," என்றான் மச்சினன். "நல்லவேளை, பிள்ளைங்கள ஏத்தல."

"ஆமா."

"அவன் மட்டும் கையில கிடைச்சான்."

ஒயரிங்காரர் பச்சை டேப்பைப் பிரித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பல்பையும் கழற்றிக்கொண்டார். வேன் பழைய இரும்புக்குப் போயிற்று. அதை அழுத்தி நசுக்குவதைக் கூடவே நின்று பார்த்துவிட்டு வந்தார்.

அன்றிரவு சட்டையைக் கழற்றி மாட்டும்போது பாக்கெட்டுக்குள் வெளிச்சம் தெரிந்தது.

பல்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒயர் இல்லை. பேட்டரி இல்லை. ஏறியது. இறங்கியது. அடுத்த அறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று இரண்டையும் பார்த்தார். அவள் மார்பு ஏறும்போது அது ஏறியது. அவள் புரண்டு படுத்து ஒரு பெருமூச்சு விட்டபோது அதுவும் நீளமாக ஏறி, நீளமாக இறங்கியது.

அதே கம்பெனி பல்பு ஒரு டஜன் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எதுவும் எரியவில்லை. ஒருமுறை பல்பை இடுக்கியில் வைத்து மிக லேசாக அழுத்தினார். அடுத்த அறையில் மகள் தூக்கத்தில் இருமினாள். அதன் பிறகு அதைத் தொடுவதில்லை. பஞ்சு வைத்த ஒரு தகர டப்பாவில், பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. பட்டறையை மூடிவிட்டார். வீட்டிலேயே இருக்கிறார். வேலை பிடிக்கவில்லையா என்று மச்சினன் கேட்டான். தலைவலி நிற்கவில்லை என்று சொன்னார். ஐந்து பேரைப் பற்றி மனைவியிடமும் சொல்லவில்லை.

பல்பு வந்த பாக்கெட் மகளின் நோட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆயுள் இரண்டாயிரம் மணி நேரம் என்ற வரியின் கீழே அவள் போட்ட கணக்கும் இருக்கிறது. விட்டு விட்டு எரிந்தால் இரண்டு மடங்கு.

இன்று நவம்பர் 27, வியாழக்கிழமை. பல்பு மாட்டி நூற்று அறுபத்தாறு நாள். மகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து பல்பின் கண்ணாடி உள்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது.